சாம்பல் வெளியே போகக் கூடாத நாள்: அயர்லாந்துப் பயணக் குறிப்புகள்

ஏப்ரல் 27, கார்க்

"அயர்லாந்துக்கு வர்றவங்க எல்லாரும் மோஹர் பாறைகளைப் பார்க்க வருவாங்க. நீ வெண்ணெயைப் பார்க்க வந்திருக்கே அக்கா" என்றான் தம்பி. விமான நிலையத்திலிருந்து நேராக ஷாண்டன் மேட்டுக்குக் காரை விடச் சொன்னதில் அவனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். ஆறு வருடமாகக் கார்க்கில் வேலை பார்க்கிறான். அங்கே உள்ள வெண்ணெய் அருங்காட்சியகத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

நான் வெண்ணெய்ப் பைத்தியம் ஆனதற்குக் காரணம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஓர் அருமையான வேலை செய்தது. 26 மாவட்டங்களில் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள் என்று சொன்னது. கிட்டத்தட்ட 50,000 பிள்ளைகள் எழுதிக் குவித்தார்கள். அந்த நோட்டுப் பக்கங்கள் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோணல் கையெழுத்து, மைக்கறை எல்லாம் அப்படியே இருக்கும். பல மாதமாக ராத்திரிகளில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். பேய், புதையல், முகப்பரு வைத்தியம், எல்லாம் வருகிறது. ஆனால் திரும்பத் திரும்ப வருவது ஒரே புலம்பல்: கடைந்தோம், கடைந்தோம், வெண்ணெய் வரவில்லை, யாரோ எடுத்துவிட்டார்கள்.

தாழியில் இருப்பதை ஒருத்தர் அடுத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எப்படி எடுப்பார்? அதைவிட எனக்குப் பெரிய கேள்வி, ஏன் வெண்ணெய்? அரிசி பருப்பு மாதிரி ஆளுக்கொரு உணவு இருக்க, அதிர்ஷ்டத்தின் பயம் முழுக்க ஏன் வெண்ணெய்மேல் போய் ஒட்டிக்கொண்டது?

பாதிப் பதில் ஷாண்டனிலேயே கிடைத்துவிட்டது. 1770-ல் இங்கே தொடங்கிய வெண்ணெய்ச் சந்தை, 19-ஆம் நூற்றாண்டில் உலகத்திலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தையாக இருந்தது. கார்க், கெர்ரி மலைப்பக்கங்களிலிருந்து குதிரை வண்டிகள் வரும். ஒவ்வொரு மரப்பீப்பாயிலும் ஏறக்குறைய கால் குவிண்டால் வெண்ணெய். பரிசோதகர் துளைக்கோல் விட்டுச் சுவைத்து, மோந்து, முதல் தரம் இரண்டாம் தரம் என்று முத்திரை போடுவார். இங்கிருந்து மேற்கிந்தியத் தீவுகள் வரை கப்பல் போயிருக்கிறது. குடியானவன் வீட்டில் தின்றது உருளைக்கிழங்கும் மோரும். வெண்ணெய் வாடகைக்கு. நிலம் அவனுடையது இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜமீன்தாருக்குக் குத்தகை கட்ட வேண்டும். வழக்கமான தவணை நாள்கள் மே 1, நவம்பர் 1.

அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று உறைத்தது. பிள்ளைகள் எழுதியதில் வெண்ணெய் திருடு போகிற நாள் எது தெரியுமா? மே 1.

கண்ணாடிக்குப் பின்னால் ஆயிரம் வருடம் பழையது என்று ஒரு பீப்பாய் வெண்ணெய் இருந்தது. கெடாமல் இருக்கச் சதுப்பு நிலத்தில் புதைத்து வைத்துவிட்டு, எடுக்க வராமலே போய்விட்டார்கள். பார்க்க அழுக்கு மெழுகு மாதிரி. தம்பி ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றான். "யாருக்கு வாடகை பாக்கியோ" என்றான்.

ஏப்ரல் 28, டிப்பெரரி

இன்று எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

கிளேருக்குப் போகிற வழியிலிருந்து விலகி, ஃபெதர்டு பக்கம் க்லோனீன் என்ற சிற்றூருக்குப் போனோம். ஸ்லீவ்நமான் மலை மேகத்துக்குள் இருந்தது. இங்கே கல் வைக்காத ஒரு கல்லறையில் பிரிஜெட் கிளியரி என்ற பெண் கிடக்கிறாள். அவளுக்கு வயது 26 இருக்கும். தையல்காரி. சொந்தமாகத் தையல் இயந்திரம் வைத்திருந்தாள், கோழி வளர்த்து முட்டை விற்றாள், தன் காசில் நல்ல உடை உடுத்தினாள். பக்கத்து பாலிவாட்லியில் அவளும் கணவனும் குடியிருந்த வீடு, தேவதைகளின் கோட்டை இருந்த இடத்தில் கட்டியது என்று பேச்சு. இங்கே தேவதை என்றால் வரம் தருபவள் இல்லை, ஆளையும் மாட்டையும் பறித்துப்போகும் என்று பயப்படும் கூட்டம்.

1895 மார்ச் தொடக்கத்தில் முட்டை கொடுக்கப் போய்விட்டு வந்தவளுக்குக் குளிர்காய்ச்சல். படுத்தவள் எழவில்லை. கணவன் மைக்கேல், இவள் என் மனைவி இல்லை, அவளைத் தேவதைகள் கொண்டுபோய்விட்டு வேறொன்றைப் படுக்கவைத்திருக்கின்றன என்று நம்பினான், அல்லது நம்புவதாகச் சொன்னான். மூலிகைச் சாற்றை வாயில் திணித்தார்கள். 'நீ பிரிஜெட்தானா, கடவுள் பெயரால் சொல்' என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவளைப் பிடித்துக்கொண்டவர்கள் சொந்தக்காரர்கள். மார்ச் 15 ராத்திரி கணவன் அவளை எரித்தான். உடலை மார்ச் 22-ல் காவலர்கள் ஆழமில்லாத ஒரு குழியில் கண்டெடுத்தார்கள். இடையில் அவன் கைலனகிரானா குன்றின் கோட்டைக்குப் போய், நிஜ மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள், கட்டிய கயிற்றை அறுத்து மீட்பேன் என்று காத்திருந்தான்.

அவனுக்கு 20 வருடத் தண்டனை கிடைத்தது. 15 வருடம் சிறையில் இருந்தான். அயர்லாந்துக்குத் தன்னாட்சி கூடாது என்றிருந்த பத்திரிகைகள், பாருங்கள் இவர்கள் லட்சணத்தை என்று எழுதி மகிழ்ந்தன. செத்தவளை அப்படியும் ஒருமுறை பயன்படுத்திக்கொண்டார்கள்.

இந்தப் பயணத்தில் தேவதை, அதிர்ஷ்டம் என்று நான் ரசித்து எழுதப்போகிறேன். அதற்கு முன் இங்கே வந்துவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது. வீட்டைத் தேடிப் போகவில்லை. கல்லறைத் தோட்டச் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினோம். லிமெரிக் வரும்வரை இருவரும் பேசவில்லை.

ஏப்ரல் 29, கிளேர்

ஷானனுக்கும் எனிஸுக்கும் நடுவே விரைவுச் சாலையில் போகும்போது, "இப்ப வரும், இப்ப வரும், வலது பக்கம் பார்" என்று தம்பி கத்தினான். வந்தது, போனது. ஒரு சின்ன முள்மரம், சுற்றிலும் வேலி. அவ்வளவுதான். விரைவுச் சாலையில் வண்டியை நிறுத்த முடியாது.

லட்டூன் தேவதை மரம் என்பது அதுதான். ஹாதார்ன் என்று சொல்லும் வெண்முள் மரம். 1999-ல் சாலைத் திட்டத்தில் அதை வெட்டுவதாக இருந்தது. எடி லெனிஹன் என்ற கதைசொல்லி பத்திரிகைக்கு எழுதினார்: இது மன்ஸ்டர் மாகாணத்துத் தேவதைகள், பக்கத்து கொனாக்ட் மாகாணத்துத் தேவதைகளோடு சண்டைக்குப் போகும்போது கூடுகிற இடம், வெட்டினால் அந்தச் சாலையில் உயிர்கள் போகும். செய்தி உலகமெல்லாம் சுற்றியது. கடைசியில் மரத்தை விட்டுவிட்டுச் சாலை போட்டார்கள். 2002-ல் யாரோ ராத்திரியில் வந்து கிளைகளை எல்லாம் அறுத்துப் போட்டுவிட்டார்கள். மரம் மறுபடி துளிர்த்துவிட்டது.

வேலியில் வரிசையாக நிற்கும் வெண்முள் மரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவற்றைத் தாராளமாகக் கழிக்கலாம். வயல் நடுவே யாரும் நடாமல் தனியாக நிற்கும் மரத்தில்தான் கைவைக்கக் கூடாது. வட்டமான மண்மேட்டுக் கோட்டைகளும் அப்படித்தான். லிஸ் என்றும் ராத் என்றும் சொல்கிறார்கள். நாடு முழுவதும் சுமார் 45,000 இருக்கின்றன. அதில் ஒரு கிளை வெட்டினாலும் மாடு சாகும், கை விளங்காமல் போகும் என்ற பயத்தில் எத்தனையோ தலைமுறை ஏர் ஓட்டாமல் விட்டிருக்கிறது. தொல்லியல்காரர்களைக் கேட்டால் அவை தேவதை வீடுகள் இல்லை. பெரும்பாலும் 6 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரையிலான குடியானவர்களின் வீட்டு வளாகங்கள். சுற்றி மண்கரை எழுப்பியதற்கு ஒரு காரணம், ராத்திரியில் மாடு திருட்டுப் போகாமல் இருக்க. ஆக, பாலையும் மாட்டையும் காத்த வீட்டைத்தான் பின்னால் வந்தவர்கள் பாலையும் மாட்டையும் பறிக்கும் இடம் என்று பயந்திருக்கிறார்கள்.

மாலையில் கிழக்குக் கிளேரில் நாங்கள் தங்கும் பண்ணை வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்காரப் பாட்டிக்கு எழுபத்தைந்துக்கு மேல். மகன் அறுபது மாடு வைத்துப் பால் கறக்கிறார். வேலியோரம் அப்போதுதான் மொட்டவிழ்ந்திருந்த வெண்முள் கொத்து ஒன்றை, வாசனை பார்க்கலாம் என்று ஒடித்துக்கொண்டு படி ஏறினேன். பாட்டி கதவில் நின்றுகொண்டே கையை நீட்டினார். நான் ஏதோ பரிசு கொடுப்பது மாதிரி கொடுத்தேன். அவர் அதை வாங்கி, ஜன்னலுக்கு வெளியே திட்டில் வைத்தார். "அங்கேயே அழகாக இருக்கும்" என்றார். உள்ளே வந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அதற்குமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வெண்முள் பூ வீட்டுக்குள் வந்தால் சாவு வரும் என்பது நான் படித்ததுதான். படித்தது கைக்கு எட்டவில்லை. அப்புறம் ஜன்னல் வழியாக மோந்து பார்த்தேன். முதலில் பாதாம் மாதிரி, பின்னால் ஏதோ அழுகின வாடை. அந்தப் பூவில் டிரைமெத்திலமீன் இருக்கிறது. கெட்டுப்போன மீனிலும் அழுகும் உடலிலும் உண்டாவது அதே பொருள். செத்தவரை வீட்டுக்குள் கிடத்தி ராத்திரி முழுக்க விழித்திருக்கும் ஊரில் இந்த வாசனையை யார் உள்ளே விடுவார்கள்?

ஏப்ரல் 30

காலையில் கால்நடைச் சந்தைக்குப் போனோம். இரும்புக் கம்பி வளையத்துக்குள் மாடு சுற்றுகிறது, மேலே திரையில் எடையும் வயதும் ஒளிர்கிறது, ஏலக்காரர் மூச்சு விடாமல் பாடுகிறார். எல்லாம் கணினி. ஆனால் விலை முடிந்ததும் விற்றவர் வெளியே வந்து, வாங்கியவர் கையில் ஒரு தாளை அழுத்துகிறார். இருபது யூரோ. இது 'லக் பென்னி'. விற்றவன் விலையில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால்தான் மாட்டோடு அதிர்ஷ்டமும் போய்ச் சேரும். கொடுக்காதவனிடம் அடுத்தமுறை வாங்க மாட்டார்கள். முன்பெல்லாம் உள்ளங்கையில் துப்பி, ஓங்கி அறைந்து கைகொடுப்பார்களாம். பக்கத்தில் நின்ற பெரியவரிடம், இப்போது துப்புவதில்லையா என்று கேட்டேன். "கொரோனாவுக்குப் பிறகு இல்லை" என்றார் முகம் மாறாமல்.

மதியம் ஃபீக்கிள். பிடி ஏர்லி (1798–1874) என்ற பெண் இந்தப் பக்கத்துக்காரர். மூலிகை வைத்தியம் செய்தார், நீலக்குப்பிக்குள் பார்த்துக் குறி சொன்னார் என்பார்கள். வெண்ணெய் போச்சு, மாடு படுத்துவிட்டது என்று கூட்டம் அவரிடம்தான் போனது. பாதிரியார்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. 1865-ல் 1586-ஆம் வருடத்துச் சூனியச் சட்டத்தின் கீழ் எனிஸில் வழக்குப் போட்டார்கள். சாட்சி சொல்ல ஆளில்லாமல் வழக்கு விழுந்தது. எழுபதைத் தாண்டி நான்காவது கல்யாணம் செய்துகொண்டார். நேற்று முன்தினம் பார்த்த கல்லறையை நினைக்கும்போது, இந்தக் கிழவி படுக்கையில் இயல்பாகச் செத்தார் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

சாயங்காலம் பாட்டி மோட்டார் பம்பு அறைக்குப் பின்னால் உள்ள ஓடைக்கு ஒரு கூடையோடு கிளம்பினார். நானும் போனேன். நீரோரத்தில் ஒரு மஞ்சள் பூ பூத்திருந்தது. மே மாதப் பிறப்புப் பண்டிகையான பியால்தனாவின் பெயரையே அதற்கு ஐரிஷில் வைத்திருக்கிறார்கள். வேலியோரத்தில் பிரிம்ரோஸ், வெளிர் மஞ்சள். வாசல் படியில் கொஞ்சம், பின்கட்டில் கொஞ்சம், மாட்டுத்தொழுவ நிலையில் கொஞ்சம் என்று போட்டுக்கொண்டே போனார். எதற்கு என்று கேட்டேன். "அம்மா போடுவாள்" என்றார். எதற்காம்? "மே வரும்போது மஞ்சளாக இருக்க வேண்டும்" என்றார்.

பிள்ளைகள் நோட்டில் எழுதியதை எடுத்துச் சொன்னேன்: இந்தப் பூவைத் தாண்டித் தேவதை வராது, வெண்ணெய் மஞ்சளாகத் திரளும். "நீங்கள்தான் என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்களே" என்று சிரித்தார். கேலியா என்று தெரியவில்லை.

ராத்திரி கணப்படுப்பருகே மகன் ஒரு கதை சொன்னார். அவருக்குப் பத்து வயது இருக்கும்போது வைக்கோற்போரில் மூன்று முட்டை கிடந்ததாம். கோழி இட்டவை இல்லை. யாரோ ஒளித்து வைத்தவை. இதற்குப் பிஷோக் என்று பெயர். அந்த ஐரிஷ் வார்த்தைக்கு மூடநம்பிக்கை என்றும் பொருள், செய்வினை என்றும் பொருள். முட்டை உள்ளே அழுக அழுக, நிலத்துக்காரனின் வளம் வைத்தவனுக்குப் போகும். அப்பா கையால் தொடவில்லை. மண்வெட்டியில் எடுத்து, தீ மூட்டிக் கொளுத்தி, பாதிரியாரை வரவழைத்துப் புனித நீர் தெளித்தார். யார் வைத்தது என்று வீட்டில் பேசவே இல்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட வீட்டோடு அதற்குப் பிறகு போக்குவரத்து இல்லை.

"நீங்கள் விவசாயக் கல்லூரியில் படித்தவர். இப்போது முட்டை கிடந்தால்?"

கொஞ்சம் யோசித்தார். "மண்வெட்டியைத் தேடுவேன்."

மே 1

மழை.

தம்பி நல்ல பிள்ளை. யார் வீட்டுக்குப் போனாலும் உதவி செய்கிறேன் என்று எதையாவது எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். காலை ஆறரைக்கு அடுப்பின் அடியிலிருந்த சாம்பல் தட்டை வாளியில் கொட்டி, பின்கதவைத் திறந்து வெளியே ஒரு கால் வைத்திருக்கிறான். அந்த வயதில் பாட்டி அவ்வளவு வேகமாக வருவார் என்று நான் நினைக்கவில்லை. "வேண்டாம், வேண்டாம், அதை உள்ளே வையுங்கள்!"

தம்பி ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே, கையில் வாளியோடு சிலையாக நின்றான். பாட்டிக்கே வெட்கமாகப் போய்விட்டது. "நாளைக்குக் கொட்டிக்கொள்ளலாம்" என்று வாளியை வாங்கி, சின்ன சாமான் அறையில் வைத்து மூடிபோட்டார்.

மே முதல் நாள் வீட்டிலிருந்து நெருப்பு, சாம்பல், தண்ணீர், பால், உப்பு எதுவும் வெளியே போகக் கூடாது. போனால் வருடம் முழுவதற்குமான அதிர்ஷ்டம் அதோடு போய்விடும். புகைபோக்கியில் ஊரில் முதல் புகை நம் வீட்டிலிருந்து கிளம்பக் கூடாது. கிணற்றில் விடியலில் முதன்முதல் மொள்ளும் தண்ணீரை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது. சாதாரண நாளிலும், கடையும்போது புகைக்குழாய் பற்றவைக்க வந்தவன் கங்கோடு வெளியே போக முடியாது. புகைத்து முடித்துவிட்டுத்தான் போகலாம். உள்ளே வந்தவன் யாராக இருந்தாலும், 'கடவுள் வேலையை ஆசீர்வதிக்கட்டும்' என்று சொல்லி, கடைகோலைப் பிடித்து நாலு தரம் குத்திவிட்டுப் போக வேண்டும். பிடிக்காமல் போனவன்மேல் சந்தேகம். தாழிக்கடியில் கழுதை லாடம், அதைச் சுற்றி ரோவன் என்ற மரத்தின் குச்சி வளையம். இவ்வளவுக்கும் பிறகு வெண்ணெய் வராவிட்டால், ஏரின் இரும்புக் கொழுவை அடுப்பில் பழுக்கக் காய்ச்சுவார்கள். திருடினவள் உடம்பெல்லாம் எரிகிறது என்று கதறிக்கொண்டு வாசலுக்கு வருவாளாம். அன்று எதேச்சையாக உப்புக் கடன் கேட்டு வந்த ஏழைக் கிழவியின் கதியை நினைத்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. மே விடியலில் ஒருத்தி அடுத்தவன் புல்வெளியில் துணியை இழுத்துப் பனியைச் சேர்த்துக்கொண்டே 'எல்லாம் எனக்கு, எல்லாம் எனக்கு' என்று முணுமுணுக்கிறாள். அந்த வழியாகப் போன ஒருத்தன் விளையாட்டாக 'பாதி எனக்கு' என்று சொல்லிவிட்டுப் போகிறான். அன்று அவன் வீட்டில் கடைந்தால், தாழி வழிய வழிய வெண்ணெய்.

ஒன்பது மணிக்குப் பால் டேங்கர் வந்தது. தொழுவத்துக் குளிர்தொட்டியிலிருந்து குழாய் வழியாக ஆயிரக்கணக்கான லிட்டர் பால், மே முதல் நாளில், பட்டப்பகலில், வீட்டை விட்டு வெளியே போயிற்று. நான் பாட்டியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "டேங்கர்காரரிடம் யார் சொல்வது?" என்றார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். பகலில் பரென் என்ற பாறைப் பிரதேசத்துக்குப் போவதாக இருந்தோம். கையில் டிகாக்ஷன் இருந்தது. எந்த யோசனையும் இல்லாமல் ஃபிளாஸ்கை நீட்டி, "இதில் கொஞ்சம் பால் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டேன்.

சமையலறையில் குளிர்பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. பாட்டி ஃபிளாஸ்கைப் பார்த்தார். பிறகு ரொட்டியை அறுத்து, முட்டையும் பன்றித்தொடைக் கறியும் வைத்து நாலு சாண்ட்விச் செய்தார். ஆப்பிள் பையில் பாதியை வெட்டிக் காகிதத்தில் சுற்றினார். இரண்டு ஆரஞ்சு. "வழியில் கடை இருக்கிறது. பால் அங்கே நன்றாகக் கிடைக்கும்" என்றார். முகம் சிவந்திருந்தது. நான்தான் அவசரமாக "ஐயோ, கடையிலேயே வாங்கிக்கொள்கிறோம்" என்று ஃபிளாஸ்கை ஒளித்தேன். விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டுக்கு மோர் கொடுக்காத வீட்டில் வளர்ந்தவள் நான். எனக்கு இது முன்னாலேயே புரிந்திருக்க வேண்டும்.

காரில் தம்பி கேட்டான்: "அவங்க நம்பறாங்களா இல்லையா? டேங்கருக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணா?"

பரெனை மழையில் பார்த்தோம். சாம்பல் நிறப் பாறை, சாம்பல் நிற வானம். வேறு எழுத ஒன்றுமில்லை. ஈரச் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே அவன் கேள்விக்கு ஒரு பதில் யோசித்தேன். டேங்கரில் போவது விற்ற பால். கணக்கு, ரசீது எல்லாம் உண்டு. கதவருகே பாத்திரத்தில் கேட்டு வாங்கும் பால் வேறு. அந்தக் காலத்தில் மே மாதம்தான் மாடு புதுப்புல்லுக்குப் போகும், பால் பெருகும், வருடத்து வெண்ணெய்ப் பருவம் தொடங்கும். அதே வாரத்தில் குத்தகைத் தவணை. ஒரு கிலோ வெண்ணெய்க்கு இருபது லிட்டர் பால் வேண்டும். தாழிக்குள் பாலாடை 15 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் இல்லாவிட்டால், பாத்திரம் சுத்தமில்லாவிட்டால், கறவை கடைசியில் இருந்தால், வெண்ணெய் திரளவே திரளாது. அதைப் பார்க்க வெப்பமானி கிடையாது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்று நாம் சும்மா சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கு அது உடைந்தால் வீடே போய்விடும். ஜமீன்தாரிடம் கோபப்பட முடியாது, வானிலையிடம் கோபப்பட்டுப் பலனில்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது அண்டைவீட்டுக்காரி. அவள்தான் முயலாக மாறி வந்து மாட்டின் மடியில் பால் குடிக்கிறாள் என்று 12-ஆம் நூற்றாண்டில் வந்துபோன ஜெரால்டு என்ற வேல்ஸ் பாதிரியாரே எழுதி வைத்திருக்கிறார். அப்போதே அது பழைய புகார்.

தம்பி பாதிக்குமேல் கேட்கவில்லை. தூங்கிவிட்டான்.

திரும்பி வரும்போது வெயில். மேய்ச்சல் நிலத்து நடுவே, மாடுகளுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய முயல் காதை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. நானும் தம்பியும் ஒரே சமயத்தில் பார்த்தோம். மகனிடம் காட்டினோம். "இன்றைக்கு அதைச் சுட மாட்டேன்" என்றார். "யாருடைய அத்தையோ."

மே 2

மேயோவுக்குக் கிளம்பினோம். கணக்கை முடித்து, பைகளை ஏற்றி, காரைக் கிளப்பியும் ஆயிற்று. பாட்டி மழைக்கோட்டைத் தலைமேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். கண்ணாடியைத் தட்டினார். கையில் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேன், காலையில் கறந்த பால், இன்னும் சூடு ஆறவில்லை.

"காய்ச்சிக் குடியுங்கள்" என்றார். தம்பி பக்கம் திரும்பி, "சாம்பலையும் கொட்டிவிட்டேன்" என்றார்.

மே 3, காசில்பார்

டர்லோவில் உள்ள கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்தில் பகல் முழுவதும் இருந்தோம். கோரைப்புல்லில் பின்னிய புனித பிரிஜித் சிலுவைகள். பிப்ரவரி 1-ல் வீட்டு நிலைக்கும் தொழுவத்துக்கும் ஒன்று. வைக்கோல் முகமூடிகள், அறுவடை முடிச்சுகள். நல்ல இடம், நுழைவுக் கட்டணமும் இல்லை. ஆனால் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் சாதுவாக இருந்தன. இரண்டு நாள் முன்னால் ஒரு வாளிச் சாம்பலுக்கு இருந்த உயிர் இவற்றுக்கு இல்லை. கடைகோலும் தாழியும் ஒரு மூலையில் இருந்தன. தம்பி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கையால் காற்றில் நாலு தரம் குத்தினான்.

நேற்று ராத்திரி தங்கும் அறையில் அந்தப் பாலைக் காய்ச்சி, கடையில் வாங்கிய தயிரில் ஒரு கரண்டி விட்டு உறை ஊற்றி வைத்திருந்தேன். இன்று காலை பார்த்தால் பால் பாலாகவே இருந்தது. அசைத்துப் பார்த்தேன், ஆடிற்று. பாத்திரத்தில் குறையா, உறையில் குறையா?

"அக்கா, யாரோ எடுத்துட்டாங்க" என்றான் தம்பி, பல் விளக்கிக்கொண்டே.

வரவேற்பறையில் இருந்த பெண் நேற்று நான் பாத்திரம் கேட்டபோது ஒரு மாதிரி பார்த்தாளே என்று ஒரு நொடி, நிஜமாகவே ஒரு நொடி, நினைத்தேன். அறை 14 டிகிரி. பாத்திரத்தைத் துண்டில் சுற்றி ஹீட்டர்மேல் வைத்துவிட்டு டர்லோவுக்குப் போனோம். சாயங்காலம் திரும்பி வந்து திறந்தபோது கெட்டியாக உறைந்திருந்தது. மேலே ஆடை லேசான மஞ்சளில்.